பட்டைத் தோல் செருப்பு: கத்திரி வெயிலில் வேலூரிலிருந்து குடியாத்தம் வரை

சொல்லித் தைத்து, சித்திரை தொடக்கத்தில் கைக்கு வந்த தோல் செருப்பு இது. இப்போது ஆவணி. நாலு மாதத்துக்கு மேல் தினமும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரே ஒரு நாள், வைகாசி பிறப்பதற்கு முந்தின நாள், வேலூரிலிருந்து குடியாத்தம் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் இதே செருப்போடு கத்திரி வெயிலில் நடந்தேன். இந்தச் செருப்பின் நல்லது கெட்டது எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதனால் அந்த நாளைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாக ஏறி மீட்டர் பார்த்து அட்டையில் எழுதும் வேலை. அணைக்கட்டு, பள்ளிகொண்டா, பேரணாம்பட்டு என்று 26 வருஷம் நடை. ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் செருப்பு, கம்பெனி சாண்டல், கேன்வாஸ் ஷூ எல்லாம் தேய்த்துப் போட்டாயிற்று. வலது காலில் இரண்டு முறை ஆணி வந்து கஷ்டப்பட்டிருக்கிறேன். காலில் என்ன போடுகிறோம் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊர் பொய்கைப் பக்கம். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு அம்மா வருஷா வருஷம் ஊர்ப் பெண்களோடு நடந்தே போவார். அம்மாவுக்கு நாற்பது வயதுவரை செருப்பே கிடையாது. வேண்டுதலுக்காக வெறுங்காலோடு போனார் என்று சொல்ல மாட்டேன். வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். திரும்பி வந்த ராத்திரி குதிகால் வெடிப்பில் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அந்தக் கால்கள் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கின்றன. ஓய்வு பெற்றதும் அம்மா நடந்த வழியை ஒரு முறையாவது அதே வெயிலில் நடந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குத்தான் இந்தச் செருப்பு.

தைத்துக் கொடுத்தவர் வேலூர் நகரத்துக்குள் ஒரு வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர். பெயரையும் இடத்தையும் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இருக்கிற வேலைக்கே கை போதவில்லை, கண்ணும் முன்போல் இல்லை என்றார். அவர் வார்த்தையை மதிக்கிறேன். ஆனால் அவரிடம் கற்றுக்கொண்டதை எழுதத் தடையில்லை. அதை வைத்து உங்கள் ஊரில் இப்படித் தைப்பவர் இருந்தால் கேட்டு வாங்கலாம்.

முதல் நாள் காலை பத்து மணிக்குப் போனேன். அளவு எடுக்க மறுத்துவிட்டார்.

"சாயங்காலம் வா சார். காலையில கால் சின்னதா இருக்கும். நாள் முச்சூடும் நின்னு நடந்தப்புறம் வீங்கினு வரும் பாரு, அந்தக் கால்தான் அளவு."

26 வருஷம் நடந்த எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. கடையில் காலையில் வாங்கிய சாண்டல் மதியத்துக்கு மேல் ஏன் கடித்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சாயங்காலம் போனேன். பழைய செய்தித்தாளில் நிற்க வைத்து இரண்டு காலையும் தனித்தனியாகப் பென்சிலால் வரைந்தார். என் இடது கால் வலதைவிடக் கொஞ்சம் நீளம், சுண்டுவிரல் பக்கம் அகலமும் கூட. கம்பெனிச் செருப்பில் இரண்டும் ஒரே அளவாகத்தானே வரும்? இவர் இடதை இடதாகவும் வலதை வலதாகவும் வெட்டினார். முன்பணம் 300, மொத்தம் 900 ரூபாய். பத்து நாள் என்றார், பதினாலு நாள் ஆனது.

தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது.

பழைய வேலூர் மாவட்டத்தில் தோலைப் பற்றித் தெரியாதவர் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகத் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். இங்கே இன்று பதனிடும் தோலில் பெரும்பகுதி குரோம் உப்புப் போட்டது. சீக்கிரம் முடியும், மெத்தென்று இருக்கும், ஏற்றுமதிக்கு அதுதான் போகிறது. அதற்கு முந்தைய முறை பட்டை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில் தோலை வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அப்படிப் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போனது. 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்றே அதற்குப் பெயர். இப்போது புவிசார் குறியீடும் உண்டு. பெரியவர் தன்னுடைய பட்டைத் தோலை ஈரோட்டிலிருந்து தருவிக்கிறார். அங்கே ஆவாரம் பட்டை குறைந்து வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு வந்துவிட்டதாம். ஆனாலும் முறை அதே முறைதான் என்றார்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். இரண்டு துண்டுத் தோலை வெட்டி வெட்டுவாயைக் காட்டினார். குரோம் தோலுக்கு உள்ளே லேசான நீலச் சாம்பல் நிறம். பட்டைத் தோல் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. முகர்ந்து பார்த்தால் நனைந்த மரத்தின் வாசனை வரும். தோல் செருப்பு என்று யார் கொடுத்தாலும் வாரின் வெட்டுவாயைப் பாருங்கள். மேலே சாயம் பூசியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

எனக்கு இது வெறும் தர விஷயம் இல்லை. பேரணாம்பட்டுப் பக்கம் மீட்டர் பார்க்கப் போன வருஷங்களில் தோல் ஷாப்புக் கழிவு ஓடிய கால்வாய்களைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாத வீடுகளில் அட்டை எழுதியிருக்கிறேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவர்தான் இழப்பீடும் தர வேண்டும், ஆற்றைச் சீர்செய்யவும் வேண்டும் என்ற கொள்கை இந்தியாவில் உறுதிப்படக் காரணமான தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள். ஆற்றங்கரைக் கிணறுகள் இன்னும் முழுசாகத் தேறவில்லை. அதனால் என் காலுக்கு ஒரு ஜோடி வாங்கும்போதாவது பட்டைத் தோலாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

அடிப்பாகம் டயர். அதிலும் விஷயம் இருக்கிறது. இப்போது வரும் ரேடியல் டயருக்குள் இரும்புக் கம்பி வலை இருக்கும். வெட்டினால் கம்பி நீட்டிக்கொண்டு குத்தும், தைக்கவும் முடியாது. நைலான் டயர்தான் வேண்டும், அது கிடைப்பது அரிதாகிவிட்டது. லாரி டயர் என்றால் கனம், பாதத்தோடு சேர்ந்து வளையாது. எனக்குப் பழைய கார் நைலான் டயர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பக்கவாட்டு மெல்லிய பகுதியை வெட்டிப் போட்டார். அதன்மேல் இரண்டு அடுக்குத் தோல். மெழுகு தேய்த்த நூலால் சுற்றித் தையல். பசையும் ஆணியும் கிடையாது. ஆணி போட்டால் ஆறு மாதத்தில் தலை தூக்கும், பசை வெயிலுக்கு விட்டுவிடும் என்றார். பசையைப் பற்றி அவர் சொன்னது பள்ளிகொண்டா போவதற்குள் பலித்தது.

வாங்கிய அன்று போட்டுப் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். பலகையில் நிற்பது போல இருந்தது. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஜோடி 780 கிராம். வார் இரண்டும் விறைப்பாக நின்றன. நாலு ராத்திரி விளக்கெண்ணெய் தடவி வைக்கச் சொன்னார், வைத்தேன். முதலில் வீட்டுக்குள், அப்புறம் கோட்டை வரை, அப்புறம் காட்பாடி வரை என்று மூன்று வாரம் போட்டுப் பழக்கினேன். இரண்டாவது வாரத்தில் உள்தோலில் ஐந்து விரலும் குதிகாலும் குழி விழுந்து தெரிந்தன. அதற்கப்புறம் அது என் காலின் அச்சாகிவிட்டது. பழக்காமல் புதுச் செருப்போடு நீண்ட நடை யாரும் போக வேண்டாம். எந்தச் செருப்பாக இருந்தாலும் கடிக்கும்.

மச்சான் கூட வந்தான். என் மனைவியின் தம்பி, 43 வயது, தினமும் காலையில் ஓடுகிறவன். ஓடுவதற்கென்றே வாங்கிய விலை உயர்ந்த ஷூ, கால் உறை, தொப்பி, முதுகுப் பை. "மாமா, டயர் செருப்பைப் போட்டுக்கினு குடியாத்தம் வரைக்குமா?" என்று உண்மையாகவே கவலைப்பட்டான். அவன் வந்ததால் எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகிவிட்டது.

விடியற்காலை 3.40க்குக் கிளம்பினோம். கொணவட்டம், மேல்மொணவூர், அப்துல்லாபுரம் வரை இருட்டு. நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் நடை. லாரிகள் போகும் காற்று மட்டும்தான் காற்று. மே மாதத்து வேலூரில் விடியற்காலையிலும் குளிர்ச்சி என்று ஒன்று கிடையாது. சுற்றியுள்ள பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, மன்னனில்லாத கோட்டை, தெய்வமில்லாத கோயில் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேசுவரர் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறும் கரை புரண்டது. மலைதான் அப்படியே இருக்கிறது.

இந்த முதல் பகுதியிலேயே செருப்பின் முதல் குறை தெரிந்தது. சர்வீஸ் ரோடு பெயர்ந்து ஜல்லி கிடக்கும் இடங்களில் பொடிக்கல் உள்ளே வந்துவிடுகிறது. திறந்த செருப்பு எதற்கும் இது உண்டு என்றாலும் இதன் ஓரம் உயரமாக இருப்பதால் வந்த கல் வெளியே போகாது. நின்று, ஒற்றைக் காலில் உதற வேண்டும். பொய்கை போவதற்குள் ஒன்பது பத்து முறை உதறியிருப்பேன். மச்சானுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பொய்கை மாட்டுச் சந்தை மைதானம் காலியாகக் கிடந்தது. சந்தை செவ்வாய்க்கிழமை, நாங்கள் போனது வேறு நாள். டீ குடித்தோம். இங்கிருந்துதான் அம்மா புறப்படுவார். டீக்கடைக்கு எதிரே நின்று கொஞ்ச நேரம் சாலையையே பார்த்தேன். மச்சான் எதுவும் கேட்கவில்லை, அதற்கு அவனுக்கு நன்றி.

விரிஞ்சிபுரம் சேரும்போது மணி ஏழு. மார்கபந்தீசுவரர் கோயில். தமிழில் வழித்துணைநாதர். மிளகு மூட்டையோடு காஞ்சிபுரம் போன வணிகருக்குக் கள்வர் பயமில்லாமல் சாமியே துணையாக வந்தார் என்று தலபுராணம். நடந்து போகிறவன் இந்தச் சன்னிதியில் நிற்காமல் தாண்ட முடியுமா? விரிஞ்சை மதிலழகு என்று சொல்வார்கள், அந்த மதிலின் நிழலே அந்த நேரத்துக்குப் பெரிய வரம். உள்ளே நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாகச் செதுக்கிய கல்லில் எண்கள். மேலேயுள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் மணி சொல்லும். சிறு வயதில் அம்மா என்னைத் தூக்கிக் காட்டியது நினைவிருக்கிறது.

வெளியே வந்து மச்சான் ஷூவை மாட்டுவதற்குக் கால் உறையைப் பிழிந்தான். உண்மையாகவே பிழிந்தான், தண்ணீர் சொட்டியது. பாதம் ஊறி வெளுத்திருந்தது. என் காலில் புழுதி, புழுதிக்கு அடியில் பழுப்புச் சாயம். இது இரண்டாவது குறை: வியர்வை பட்டால் புதுப் பட்டைத் தோல் காலில் சாயம் இறக்கும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டும் இரண்டு நாள் போகவில்லை. ஒரு மாதத்தில் தானாக நின்றுவிட்டது. வெள்ளை வேட்டிக்காரர்கள் கவனமாக இருங்கள். ஆனால் பாதம் உலர்ந்திருந்தது. தோல் வியர்வையை வாங்கிக்கொள்கிறது, வார் இடைவெளியில் காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கொப்புளம் வருவதற்கு முக்கியக் காரணம் ஈரமும் உரசலும். ஈரம் இல்லாவிட்டால் பாதித் தொல்லை போயிற்று.

எட்டு மணிக்கு மேல் வெயில் முதுகில் ஏறியது. நாங்கள் மேற்கே போகிறோம், காலை வெயில் பிடரியில்தான். குடையை முதுகுப் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். செதுவாலை தாண்டிச் சாலையோரம் ஆவாரம் செடிகள், மஞ்சள் பூ. பெரியவர் பட்டையைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்து நின்றேன். இலையும் பூவுமாக இரண்டு கை பறித்து, தலையில் வைத்து, மேலே நனைத்த துண்டைக் கட்டிக்கொண்டேன். அம்மாவும் அவரோடு போகிறவர்களும் இப்படித்தான் செய்வார்கள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பார் அம்மா. மச்சான் தொப்பியைக் கழற்றிவிட்டு எனக்கும் கட்டுங்கள் என்றான். துண்டு காயக் காய நனைத்துக்கொண்டே போனோம். தலையில் ஆவாரை, காலடியில் அதே ஆவாரம் பட்டை முறையில் வந்த தோல். அதை நினைத்து எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

இறைவன்காடு நெருங்கும்போது ஒரு புளியமரத்தடியில் கூழ்க்கடை. கேழ்வரகுக் கூழ், நொய் சேர்த்து முந்தின நாள் காய்ச்சிப் புளிக்க வைத்தது. சொம்பு 20 ரூபாய். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய். மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே அந்த அம்மா, "இந்த வெயில்ல எங்கண்ணா நடந்து போறீங்க?" என்றார். சிரசுக்கு என்றேன். இன்னொரு சொம்பு ஊற்றினார், அதற்குக் காசு வாங்கவில்லை. அந்தக் கூழைப் பற்றித் தனியாகவே ஒரு மதிப்புரை எழுத வேண்டும். உப்பும் புளிப்பும் உடம்புக்குள் இறங்கியது விரல் நுனியில் தெரிந்தது.

பத்து மணிக்கு மேல் நடந்த அந்த ஒரு மணி நேரம்தான் கஷ்டம். காற்று நாற்பது டிகிரியைத் தொடும் நாளில் தார்ச்சாலையின் மேல்பரப்பு அறுபதைத் தாண்டும். சில இடங்களில் தார் இளகிப் பளபளத்தது. டயர் அடி அதில் ஒட்டி ஒட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு விட்டது. ஆனால் சூடு மேலே வரவில்லை. ரப்பரும் இரண்டு அடுக்குத் தோலும் சேர்ந்து தடுத்துவிட்டன. சோதிக்கவே நின்று உள்ளங்காலைக் கவனித்தேன், வெதுவெதுப்பு மட்டும்தான். மச்சானுக்கு வேறு மாதிரி. மெத்தை அடி சூட்டில் இன்னும் மெத்தென்றாகி, இடது ஷூவின் முன்பக்கம் பசை விட்டு வாய் பிளந்தது. கயிறு போட்டுக் கட்டினோம். பத்தே முக்காலுக்கு அவன் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நிழலில் உட்கார வைத்து, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்து, காலை நீட்டி நீவிவிட்டேன். அரை மணி நேரம் நகரவில்லை. இந்த இடத்தில் வீம்பு கூடாது. தலை சுற்றினாலோ, வியர்வை நின்று தோல் காய்ந்து சுட்டாலோ, பேச்சுக் குழறினாலோ நடையை அங்கேயே நிறுத்தி உடம்பை நனைத்து விசிறிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்று ஆளுக்கு ஆறு லிட்டர் குடித்திருப்போம், மோரும் கூழும் தனி.

என் மூன்றாவது குறை அந்த நேரத்தில்தான். இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். கணுக்கால் வாரில் வெளிப்பக்கம் ஓர் இரும்பு பக்கிள். வெயிலில் அது சுட்டுச் சுட்டு, வார் லேசாகத் தளர்ந்த வேளையில் தோலில் பட்டு, வலது கணுக்காலில் ஐம்பது பைசா அளவுக்குச் சுட்ட தழும்பு. இவ்வளவு யோசித்துத் தைத்த செருப்பில் இரும்பை ஏன் வெளியே வைக்க வேண்டும்? கைக்குட்டையைக் கிழித்து அடியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் மீதி தூரம் போனேன்.

பதினொன்றரைக்குப் பள்ளிகொண்டா. அரங்கநாதர் கோயில் நடை சாத்தும் நேரத்துக்குக் கும்பிட்டுவிட்டு வந்தால் இன்னொரு பாடம். படியோரம் வெயிலில் விட்டுப் போன செருப்பு பத்து நிமிஷத்தில் அடுப்பில் வைத்த கல்லாக இருந்தது. காலில் இருக்கும்போது சுடாத செருப்பு, கழற்றி வெயிலில் வைத்தால் சுடும். உள்தோல்தான் வெயிலை நேராக வாங்குகிறது அல்லவா? தண்ணீர் தெளித்து, நிழலில் தட்டிப் போட்டுக் காத்திருந்தேன். கழற்றினால் எப்போதும் கவிழ்த்து நிழலில் வையுங்கள்.

என்னோடு வேலை பார்த்தவர் வீட்டுத் திண்ணையில் நாலு மணி வரை படுத்தோம். மதியச் சோற்றுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கத்தரிக்காய் அது. காம்பில் முள் குத்தும், கொட்டை குறைவு, எண்ணெயில் வதங்கினால் வெண்ணெய். மச்சானின் இரண்டு சுண்டுவிரலிலும் கொப்புளம். வீட்டுக்காரர் ரப்பர் செருப்பு ஒன்றைக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் குடியாத்தம் வந்தான். ஷூ பையில் தொங்கியது.

நாலு மணிக்குப் பாலாற்றுப் பாலம். மணலில் கொஞ்சம் இறங்கிப் பார்த்தேன். மணலுக்கு இந்தச் செருப்பு ஆகவே ஆகாது. பொதபொதவென்று உள்ளே நிறைந்து ஒவ்வொரு அடியும் பாரம். கழற்றினால் அந்த நேரத்திலும் மணல் சுட்டது. உடனே மேலே ஏறிவிட்டேன். அம்மா காலத்தில் ஆற்றுக்குள் இறங்கித்தான் கடப்பார்களாம். ஊற்றுத் தோண்டிக் குடித்துவிட்டு ஏறுவார்களாம்.

பாலத்துக்கு அப்பால் தென்னந்தோப்பு, கரும்பு, நடுவே சீமைக் கருவேலம். வெயில் இப்போது முகத்திலும் இடது கன்னத்திலும். ஆனால் இறங்கு வெயில், பொறுக்கலாம். ஒரு நீர்மோர்ப் பந்தலில் நாலு டம்ளர். மீதி வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, கால் தானாக நடந்தது. ஏழே காலுக்குக் குடியாத்தம். தெருவெல்லாம் விளக்கு, மேளம், தேங்காய் மூட்டைகள். கைப்பேசி நாற்பத்தெட்டாயிரம் காலடி என்று காட்டியது.

மறுநாள் விடிந்ததும் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டது. கோபாலபுரம் கெங்கையம்மன் கோயில் வரை வழியெல்லாம் மாலையும் சூறைத் தேங்காயும். அங்கே உடலோடு சிரசைப் பொருத்தியபோது கூட்டத்தில் எழுந்த சத்தத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு நான் செருப்பில்லாமல்தான் போனேன். உறவினர் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, தேங்காய்ச் சில்லு சிதறிக் கிடந்த தெருவில் அம்மாவைப் போல வெறுங்காலோடு.

திரும்பி வந்து பெரியவரிடம் கணுக்காலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "வெயில்ல இவ்ளோ தூரம் நடப்பேன்னு சொல்லியிருக்கணும் சார்" என்றார். நான் சொல்லவில்லை என்பது உண்மைதான். பக்கிளை வெட்டி எடுத்துவிட்டு, தோலையே உருட்டிப் பொத்தான் போல முடிந்து காதுத் துளையில் மாட்டும்படி செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. இப்போது செருப்பில் இரும்பே இல்லை. ஆடியில் இடது குதிகால் பக்கம் ஒரு தையல் விட்டது, 20 ரூபாய்க்குத் தைத்தாயிற்று. டயர் அடியில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்தோல் கறுத்து எண்ணெய் வைத்த மரம்போல் மின்னுகிறது.

மழைக்கு மட்டும் வேண்டாம். ஒரு நாள் முழுக்க நனைந்ததும் தோல் ஊறிப் பாரமாகி, வெயிலில் காய வைத்த என் தவறால் விறைத்துவிட்டது. நிழலில் உலர்த்தி மறுபடி விளக்கெண்ணெய் தடவி மூன்று நாளில் சரி செய்தேன். மழைக்காலத்துக்குப் பழைய ரப்பர் செருப்பைத் தனியாக வைத்திருக்கிறேன்.

இதே பணத்துக்குக் கடையில் கண்ணுக்கு அழகான சாண்டல் கிடைக்கும். கல்யாண வீட்டுக்குப் போட அதுவே சரி. தினமும் நடக்கிற வேலை உள்ளவர்கள், தபால் கொடுப்பவர்கள், மீட்டர் பார்ப்பவர்கள், திருவண்ணாமலை கிரிவலத்துக்கு ஊரிலிருந்தே நடந்து போகிறவர்கள், இந்தச் செருப்பைச் சொல்லித் தைத்து வாங்குங்கள். தைப்பவரிடம் மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: பட்டைத் தோலா, நைலான் டயரா, ஆணி இல்லாத தையலா. எவ்வளவு தூரம், எந்த வெயிலில் நடப்பீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

போன வாரம் மனைவியை அழைத்துக்கொண்டு போயிருந்தேன், சாயங்காலம் ஆறு மணிக்கு. செய்தித்தாளில் அவள் கால் இரண்டையும் வரைந்துகொண்டார். மெல்லிய டயர் தேடுகிறாராம், கிடைத்ததும் வெட்டுவாராம். மச்சானும் அளவு கொடுத்திருக்கிறான்.